சுஜி கேக் நடுவுல குழி, முறுக்கு மறுநாளே நமத்துப் போகுது: எங்கே தப்பு?

முல்லைப்பந்தல் கேட்டது:

வணக்கம், மலேசியா சுங்கை சிப்புட்டிலிருந்து. தீபாவளிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. விற்பனைக்கு இல்லை, வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும்தான். ரெண்டு பலகாரம் சரியா வர மாட்டேங்குது.

ஒண்ணு, சுஜி (ரவை) கேக். அவன் (oven) அடுப்புக்குள்ள நல்லா எழும்புது, அரை மணி நேரத்துல டின் விளிம்பைத் தொட்டுடுது. அப்புறம் நடு மட்டும் அப்படியே உட்கார்ந்துடுது. வெட்டினா குழிக்குக் கீழே களி மாதிரி ஒரு பட்டை. அளவு: பட்டர் 250 கிராம், சீனி 200 கிராம், சுஜி ஒரு பால்டின் (கெட்டிப்பால் டின்னால அளந்தது), மாவு அரை பால்டின், பாதாம் பவுடர் 100 கிராம், முட்டை 6, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி. 180 டிகிரி, 40 நிமிஷம். மேசை மேல வைக்கிற சின்ன அவன்.

ரெண்டு, முறுக்கு. அரிசி மாவு 1 கிலோ, உளுந்து மாவு 200 கிராம், பட்டர் 100 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, மீதிக்குத் தண்ணீர். எண்ணெய் குடிக்குது, சிலது எண்ணெயிலேயே உடையுது. நிறம் நல்லா வருது, சுட்டன்னிக்கு மொறுமொறுன்னு இருக்கு. மறுநாள் காலையில பாலாங்கை (மூடி போட்ட ஜாடியை) திறந்தா நமத்துப் போயிருக்கு. மழை வேற விடாம பெய்யுது. காரணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அச்சுமுறுக்கு எழுதியது:

தங்கச்சி, முதல்ல மூணு கேள்வி. கேக் மாவு பாக்கெட்டுல என்ன எழுதியிருக்கு, 'செர்பாகுனா'வா (சாதா மாவு), 'நைக் செண்டிரி'யா? பால்டின் பழசா, இப்ப கடையில வாங்கினதா? முறுக்குக்கு அரிசி மாவு மில்லுல அரைச்சதா, பாக்கெட்டா?

முல்லைப்பந்தல் எழுதியது:

எடுத்துப் பார்த்தேன் அக்கா. 'தெப்போங் நைக் செண்டிரி'ன்னு போட்டிருக்கு. டின் போன மாசம் வாங்கினது, 500 கிராம் டின். அரிசி மாவு பாக்கெட்தான்.

அச்சுமுறுக்கு எழுதியது:

அப்போ குழிக்குக் காரணம் பாதி கிடைச்சாச்சு. நைக் செண்டிரின்னா தானே உப்புற மாவு, பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே கலந்து வரும். 100 கிராமுக்கு ஒண்ணே கால் தேக்கரண்டி பவுடர்னு வச்சுக்கோங்க. அதுக்கு மேல நீங்க 2 தேக்கரண்டி போடுறீங்க. கிட்டத்தட்ட 100 கிராம் மாவுக்கு 3 தேக்கரண்டிக்கு மேல ஆயிடுது. முட்டையும் மாவும் வெந்து இறுகுறதுக்கு முன்னாடியே காற்று பொங்கி எழும்பிடும். குமிழ் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து உடைஞ்சதும் தாங்கிப் பிடிக்க ஒண்ணும் இருக்காது. ஓரம் டின் சூட்டுல முதல்ல வெந்துடுறதால நிற்கும், நடு விழும். அரை மணி நேரத்துல விளிம்பைத் தொடுற சுஜி கேக்கைப் பார்த்துச் சந்தோஷப்படாதீங்க. சுஜி கேக் அவ்வளவு எழும்பவே கூடாது.

மீதிப் பாதி அந்த டின். பாட்டிங்க சொன்ன 'ஒரு பால்டின்' பழைய 397 கிராம் டின். அதுல தண்ணி ஏறக்குறைய 300 மில்லி பிடிக்கும். இப்ப வர்ற 500 கிராம் டின்ல 380 மில்லி பக்கம் போகும். சுஜின்னா 210 கிராமுக்குப் பதிலா 265 கிராம் விழுது. அவ்வளவு சுஜிக்கு உங்க கேக்குல ஈரம் பத்தாது. ஊறாத ரவை அடியில இறங்கிடும். நீங்க பார்த்த களிப் பட்டையில அந்த ரவையும் இருக்கு. டின்னைத் தூக்கி வச்சுட்டு தராசு வாங்குங்க. முட்டையும் அப்படித்தான், ஏ கிரேடுக்கும் சி கிரேடுக்கும் ஒண்ணுக்கு 10 கிராம் வரை வித்தியாசம், ஆறு முட்டையில ஒரு முட்டையே கூடிடும்.

20 செ.மீ. சதுர டின்னுக்கு இந்த அளவு சரியா இருக்கும்: பட்டர் 250 கிராம், சீனி 180, சன்ன சுஜி 200, செர்பாகுனா மாவு 100, பாதாம் பவுடர் 100, மஞ்சள்கரு 8, வெள்ளைக்கரு 4, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி மட்டும், உப்பு ஒரு சிட்டிகை (உப்பு பட்டர்னா வேண்டாம்), வனிலா 1 தேக்கரண்டி, ரோஸ் எசன்ஸ் கால் தேக்கரண்டி. மீதி நாலு வெள்ளைக்கரு ஆம்லெட்டுக்குப் போகட்டும்.

பட்டரை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டு போட்டு 15 நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். புத்தகத்துல 'அறை வெப்பம்'னு எழுதியிருந்தா அது 20 டிகிரி ஊர்க்காரங்களுக்கு. நம்ம சமையல்கட்டுல மத்தியானம் 31, 32 டிகிரி. அந்தச் சூட்டுல பட்டர் எண்ணெயா இளகிடும், எவ்வளவு அடிச்சாலும் காற்றைப் பிடிக்காது. விரலை அழுத்தினா பள்ளம் விழணும், விரல் பளபளக்கக் கூடாது. அதுதான் பதம்.

அதுல 100 கிராம் சீனி போட்டு 5 நிமிஷம், வெளுத்து வர்ற வரை அடிங்க. சுஜியைக் கலந்து மூடி 4 மணி நேரம் வைங்க. ராத்திரி முழுக்கன்னா ஃபிரிட்ஜுல வச்சு, காலையில அரை மணி நேரம் வெளியில வச்சுட்டு எடுங்க. பட்டர்ல ஆறுல ஒரு பங்கு தண்ணிதான், அதைக் குடிச்சு ரவை உப்பி மெத்துன்னு ஆகும். இந்த வேலையைத் தாண்டிப் போனா பல்லுல மணல் மாதிரி படும். அப்புறம் மஞ்சள்கருவை 50 கிராம் சீனியோட நுரைக்க அடிச்சு மூணு தவணையா சேருங்க. மாவு, பாதாம், பேக்கிங் பவுடரைச் சலிச்சுப் போடுங்க. கடைசியா வெள்ளைக்கருவை மீதி 30 கிராம் சீனியோட அடிங்க. முனை லேசா வளையுற பதம் போதும். விறைப்பா அடிச்சா மாவோட கலக்காம வெள்ளை வெள்ளையாக் கட்டி நிற்கும், அதைக் கலக்கப் போயி காற்றெல்லாம் போயிடும்.

சொல்லப்போனா இது மலாக்கா, சிங்கப்பூர் யூரேசியர் (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சத்தவர்) வீட்டுக் கேக். அவங்க பிராந்தியும் 2 மேசைக்கரண்டி ஊத்துவாங்க. நம்ம வீட்டுல ரோஸ் எசன்ஸும் ஏலக்காயும் அந்த இடத்தைப் பிடிச்சுக்கிச்சு.

தகரக்கொட்டகை எழுதியது:

மாவு விஷயத்தை அக்கா சொல்லிட்டாங்க. அவனைப் பத்தி நான் சொல்றேன்.

மேசை அவன்ல மேல் கம்பிக்கும் கேக்குக்கும் நடுவுல நாலு விரல் இடம்கூட இருக்காது. 180-ல வச்சா மேல் தோல் 20 நிமிஷத்துல சிவந்து இறுகிடும், உள்ளே இன்னும் கூழ். 40 நிமிஷத்துல நிறத்தைப் பார்த்து எடுத்துடுறோம். உங்க களிப் பட்டைக்கு இதுவும் ஒரு காரணம்.

160 டிகிரி, கீழ்த்தட்டு, 55 முதல் 60 நிமிஷம். மேல் கீழ் கம்பியைத் தனித்தனியா மாத்த முடிஞ்சா முதல் 35 நிமிஷம் கீழ்ச்சூடு மட்டும், அப்புறம் ரெண்டும். முடியாதுன்னா 25 நிமிஷம் கழிச்சு அலுமினியத் தாளைத் தொடாம மேல போர்த்துங்க. காற்றாடி ஓடுற அவன்னா 145 போதும். 45 நிமிஷம் ஆகுற வரை கதவைத் திறக்காதீங்க. சின்ன அவன்ல கதவைத் திறந்த மாத்திரத்துல பாதிச் சூடு ஓடிடும், இறுகாத நடு அப்பவே உட்காரும்.

திருகுற குமிழ்ல 180-ன்னு போட்டிருக்கிறதை நம்பாதீங்க, 20, 30 டிகிரி தள்ளி நிற்கிறது சாதாரணம். அவனுக்குள்ள தொங்கவிடுற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க. அது வர்ற வரைக்கும் சீனியை வச்சுப் பார்க்கலாம். சீனி உருகுறது 186 டிகிரியில. அலுமினியத் தாள்ல சின்னக் கிண்ணம் செஞ்சு அரைத் தேக்கரண்டி சீனி போட்டு நடுத்தட்டுல வைங்க. அவன் சூடேறின பிறகு குமிழை 175-ல வச்சு 15 நிமிஷம், சீனி அப்படியே இருக்கணும். 195-ல இன்னொரு 15 நிமிஷம், உருகணும். 175-லயே உருகிட்டா உங்க அவன் சொல்றதைவிடக் கூடுதலாச் சுடுது.

வெந்ததுக்கு அடையாளம்: குச்சி சுத்தமா வரணும், ஓரம் டின்னை விட்டு நூல் அளவு விலகணும். கம்பித் தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 96 முதல் 98 டிகிரி.

எள்ளுருண்டை எழுதியது:

பட்டர்ல சுஜியை ஊற வைக்கிறது எனக்குச் சரியாப் படலை அக்கா. பச்சை வாடை போகாது. வறுத்துத்தான் போடணும், எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான்.

அச்சுமுறுக்கு எழுதியது:

வறுங்க, வாசனை கூடும், மறுக்கலை. ஆனா வறுத்ததோட நிறுத்தாதீங்க, ஆற வச்சு அதையும் ஊற வைங்க. வறுத்த சுஜி இன்னும் கூடுதலா ஈரம் இழுக்கும், 2 மேசைக்கரண்டி பால் சேர்த்துக்கணும். சட்டியிலிருந்து நேரா சூட்டோட பட்டர்ல கொட்டினா பட்டர் உருகி கேக் அடை மாதிரி ஆயிடும். நிறம் மாறக் கூடாது, வாசனை வந்ததும் இறக்கிடுங்க.

மாவுமில் எழுதியது:

முறுக்குக்கு வர்றேன்.

கொழுப்புக் கணக்கைப் பாருங்க. மாவு மொத்தம் 1200 கிராம். பட்டர் 100 கிராம்ல கொழுப்பு 80. கெட்டித் தேங்காய்ப்பால் நூத்துக்கு 20 கொழுப்புன்னு வச்சா 400 மில்லியில இன்னொரு 80. மொத்தம் 160 கிராம், நூத்துக்கு 13. முறுக்கு மாவுக்கு 8 முதல் 10 வரைதான் தாங்கும். அதுக்கு மேல போனா மாவுக்குப் பிடிப்பு இல்லை, எண்ணெயில இழை விட்டு உடையும், உடைஞ்ச இடத்துல எண்ணெய் ஏறும். தேங்காய்ப்பால் ஊத்தினா பட்டர் 40 கிராமுக்கு மேல வேண்டாம். பட்டர் 125 கிராம்னா வெறும் வெந்நீர். ரெண்டுல ஒண்ணு, ரெண்டும் முழுசா வேண்டாம்.

நமத்துப் போறதுக்கும் தேங்காய்ப்பால்தான் மூலம், ஆனா பாலைக் குறை சொல்லிப் பயனில்லை. பால்ல இருக்கிற சர்க்கரை சீக்கிரம் சிவக்கும். வெறும் தண்ணி முறுக்கு உள்ளே காய்ஞ்ச பிறகு நிறம் வரும். தேங்காய்ப்பால் முறுக்கு நிறம் வந்த பிறகும் உள்ளே ஈரமா இருக்கும். நீங்க நிறத்தைப் பார்த்து எடுக்குறீங்க. மேல் ஓடு மொறுமொறு, உள் ஈரம் ராத்திரி முழுக்க வெளியே ஊர்ந்து வந்து ஓட்டையும் நனைக்குது. மழை பெய்யலைன்னாலும் இது நடக்கும்.

அதனால எண்ணெய் 160 டிகிரி, 165-ஐத் தாண்ட வேண்டாம். மாவுத் துளி போட்டா அடியில தொட்டு, ரெண்டு எண்ணுறதுக்குள்ள மேல வரணும். போட்டதும் மேல வந்தா சூடு அதிகம். முறுக்கைப் போட்டதும் பெரிய குமிழ், பெரிய இரைச்சல். அது மாவுத் தண்ணி ஆவியாப் போற சத்தம். கண்ணைக் கொஞ்சம் ஓரம் வச்சுட்டு காதைக் கொடுங்க. இரைச்சல் தேய்ஞ்சு, குமிழ் கடுகு அளவுக்குச் சுருங்கி, கடைசியில ஓரத்துல ஒண்ணு ரெண்டு மட்டும் வரும். அப்ப எடுக்கணும். முதல் ஈடுல ஒண்ணை உடைச்சு வெளிச்சத்துல பாருங்க. இழையோட நடுவுல கண்ணாடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா இன்னும் ஈரம் இருக்கு. ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே வெள்ளையா, பொருபொருன்னு துளை தெரிஞ்சா வெந்துடுச்சு. குவாலியில (வாணலியில) ஒரு தடவை நாலுக்கு மேல போடாதீங்க, சூடு இறங்கிடும்.

பாக்கெட் மாவுன்னா பேரையும் பாருங்க. 'தெப்போங் பெராஸ்' (சாதா அரிசி மாவு) வேணும், 'தெப்போங் புலுட்' வேண்டாம். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல ஒரே மாதிரி அடுக்கியிருப்பாங்க. புலுட் ஒட்டரிசி மாவு, கொஞ்சம் கலந்தாலும் முறுக்கு ரப்பராட்டம் ஆகும். பெராஸ் மாவையும் இந்த மழைக்கு அப்படியே பிசையாதீங்க. வெறும் சட்டியில சின்னத் தீயில 6, 7 நிமிஷம் புரட்டுங்க. நிறம் மாறக் கூடாது. ஒரு சிட்டிகை எடுத்துக் கோலம் இழுங்க, இழை அறாம விழுந்தா போதும். திட்டுத் திட்டா விழுந்தா இன்னும் ஈரம் இருக்கு.

உளுந்தைச் செம்பொன் நிறமா வறுத்து, ஆறவிட்டு அரைச்சு, சன்னக் கண் சல்லடையில சலிக்கணும். கப்பி இருந்தா அச்சுக் கண்ணை அடைக்கும், எண்ணெயில வெடிக்கவும் செய்யும். 1200 கிராம் மாவுக்கு உப்பு 18 கிராம், ஓமம் 2 தேக்கரண்டி, எள் 2 மேசைக்கரண்டி, பெருங்காயம் அரைத் தேக்கரண்டி. எல்லாத்தையும் ஒரேயடியாப் பிசைஞ்சு வைக்காதீங்க. மூணு பங்காப் பிரிச்சு, ஒண்ணு முடிஞ்ச பிறகு அடுத்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்த மாவு சிவந்துதான் வேகும், தேங்காய்ப்பால் சேர்த்ததுன்னா புளிச்சும் போகும்.

காதுமடல் எழுதியது:

சேமிப்பைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல முறுக்கை ஆற வைக்கிறேன்னு மத்தியானம் முழுக்க விசிறிக்குக் கீழே பரப்பி வச்சா அது காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். கம்பித் தட்டுல 40 நிமிஷம், கையில சூடு தெரியலைன்னா உடனே மூடிடணும். சூட்டோட மூடினா ஆவி மூடியில வேர்த்துத் திரும்ப விழும், அதுவும் தப்பு. சிவப்பு மூடி பாலாங் பார்க்க அழகு, ஆனா திருகு மூடி முழுசா இறுகாது. பழைய பிஸ்கட் தகர டின் நல்லது. பாலாங்தான்னா மூடி விளிம்பைச் சுத்தி செலோடேப் ஒட்டுங்க. தினமும் திறக்க ஒரு சின்ன பாலாங், மீதியெல்லாம் ஒட்டினபடி. கேக்கையும் முறுக்கையும் ஒரே டப்பாவுல வைக்கவே வேண்டாம், கேக் ஈரம் முறுக்குக்குப் போயிடும்.

நமத்துப் போனதைத் தூக்கிப் போட வேண்டாம். அவன்ல 120 டிகிரியில 10 நிமிஷம், கதவுல ஒரு மரக்கரண்டியைச் சொருகி லேசாத் திறந்து வைங்க, ஆவி வெளியேறட்டும். எடுத்த உடனே மெத்துன்னுதான் இருக்கும், ஆறினதும் மொறுமொறுப்பு திரும்பும். சிக்கு வாடை வந்துட்டா இதுக்கும் வழியில்லை.

ரோஸ்பவுடர் எழுதியது:

இடையில ஒரு கேள்வி. வீட்டுல வெள்ளிக்கிழமை முட்டை சேர்க்க மாட்டாங்க. சுஜி கேக் முட்டை இல்லாம வருமா?

அச்சுமுறுக்கு எழுதியது:

வரும், ஆனா அது வேற கேக். சுஜி 200 கிராம், மாவு 60, சீனி 150, தயிர் 200, உருக்கின பட்டர் 100, பால் 100 மில்லி. அரை மணி நேரம் ஊறட்டும். அவன் சூடேறின பிறகுதான் சமையல் சோடா அரைத் தேக்கரண்டியும் பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டியும் கலந்து உடனே உள்ளே வைக்கணும். 170 டிகிரி, 35 நிமிஷம். சோடாவைக் கலந்துட்டு போன் பேசப் போனா தயிர்ப் புளிப்போட சேர்ந்து வெளியிலேயே பொங்கி அடங்கிடும். சோடா கூடினா சோப்பு வாடை வரும், அளவுக்கரண்டியில தலைதட்டிப் போடுங்க.

முல்லைப்பந்தல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தராசு வச்சு, செர்பாகுனா மாவுல செஞ்சேன், 160-ல 58 நிமிஷம். நடு உட்காரலை, மேல மட்டும் ஒரு நீளமான வெடிப்பு. முறுக்கை பட்டர் 40 கிராமோட, சத்தம் அடங்குற வரை விட்டு எடுத்தேன். நாலாவது நாள் இன்னிக்கு, மொறுமொறுன்னுதான் இருக்கு. இன்னும் ஒண்ணே ஒண்ணு: நெய் பிஸ்கட் உருண்டையா வச்சாலும் அவன்ல பரந்து தட்டையாயிடுது. அதுக்கும் நைக் செண்டிரி மாவுதான் போட்டிருந்தேன், அதனாலயா?

தகரக்கொட்டகை எழுதியது:

வெடிப்புக்கு மேல்ச்சூடுதான் காரணம், அடுத்த தடவை அலுமினியத் தாளை 20 நிமிஷத்துலயே போர்த்துங்க.

அச்சுமுறுக்கு எழுதியது:

அதனாலயும்தான், ஆனா நெய்யைப் பாருங்க. நம்ம ஊர்ச் சூட்டுல நெய் பாதி தண்ணியாத்தான் நிற்கும். அப்படியே பிசைஞ்சா உருண்டை அவன் சூட்டைப் பார்த்ததும் ஓடிடும். நெய்யை ஃபிரிட்ஜுல வச்சு வெண்ணெய் மாதிரி குழைவா எடுத்துக்கோங்க. செர்பாகுனா மாவு 300 கிராமை ஒரு பாண்டான் இலையை முடிஞ்சு போட்டு சின்னத் தீயில வறுங்க. இலை காய்ஞ்சு கையில நொறுங்கினா மாவு வறுபட்டாச்சு. முழுசா ஆறட்டும், வெதுவெதுன்னு இருந்தாக்கூட நெய் இளகிடும். ஐசிங் சீனி 120 கிராம், நெய் 180-ல ஆரம்பிச்சு, உருட்டும்போது விரிஞ்சா மட்டும் ஒவ்வொரு தேக்கரண்டியாக் கூட்டுங்க. 12 கிராம் உருண்டையா உருட்டி, தட்டோட 20 நிமிஷம் ஃபிரிட்ஜுல வச்சுட்டு 150 டிகிரியில 18 நிமிஷம். அடி மட்டும் லேசா நிறம் மாறணும், மேல வெள்ளையாவே இருக்கட்டும். தட்டுலயே ஆறவிட்டுட்டுத் தொடுங்க. சூட்டோட எடுத்தா கையிலேயே பொடிஞ்சிடும்.